கொடுத்தவர் யார்?

சென்ற வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் மாலை, மைசூரில் நாம் தங்கியிருக்கும் சிற்றறைக்கு நம் சங்கத்து உபாசகர் ஒருவர் தம் மனைவியாருடன் வந்தார். ஆலையில் நம்மோடு பன்னிரண்டாண்டு தறி ஓட்டியவர், நம்மினும் இளையவர், நம்மை அண்ணா என்றே அழைப்பவர். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும் மகப்பேறு இல்லை. வந்தவர் சற்று நேரம் பேசாமலிருந்து, பின் கேட்டார்:

"அண்ணா, மருத்துவமனை ஆயா ஒருத்தி சொல்லியனுப்பியிருக்கிறாள். மணமாகாத பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாளாம். இரண்டொரு நாளில் பிரசவம். செலவோடு ஒரு தொகை கொடுத்தால் குழந்தை எங்கள் கைக்கு வரும். பிறப்புச் சான்றிதழும் எங்கள் பெயரிலேயே எழுதிவிடுவார்களாம். நாங்கள் எடுக்காவிட்டால் அது குப்பைத் தொட்டிக்கோ குளத்துக்கோ போய்விடும் என்கிறாள். இதில் பாவம் உண்டா?"

அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. அவர் மடியில் ஒரு துணிப்பை. அதன் வாயில் புதுக் குழந்தைச் சட்டை ஒன்று தெரிந்தது.

அன்பர்களே, நாம் உடனே விடை கூறவில்லை. விடை தெரியாமையால் அன்று. இக்கேள்வியை நாம் கேட்டிருக்க வேண்டிய நாள் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே கடந்து போனமையால். அக்காலத்தில் நாம் பகலில் ஆலையிலும் விடுமுறை நாட்களில் பிரசங்கத்திலுமாக இருந்தோம். ஒரு வீட்டில் நாமகரணத்துக்கு அழைத்தார்கள். அவ்வீட்டு அம்மையார் கருவுற்றிருந்ததை எவரும் கண்டதில்லை. திடீரெனத் தொட்டிலில் குழந்தை. நாம் பஞ்சசீலம் சொல்லி, அப்பெண் குழந்தைக்குப் பெயரிட்டு, வாழ்த்தி, வயிறார உண்டு வந்தோம். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்பது நாகரிகமன்று என்று நினைத்தோம். உள்ளபடி சொன்னால், கேட்டால் விடை கிடைத்துவிடுமோ என்றே அஞ்சினோம்.

சென்ற ஆண்டு அப்பெண் நம்மைத் தேடி வந்தாள். கல்லூரியில் நடந்த இரத்ததான முகாமில் தன் இரத்த வகை 'பி' என்று அறிந்தாள். வீட்டிலோ தாய் தந்தை இருவரும் 'ஓ' வகை. அவ்விருவருக்கும் 'பி' வகைக் குழந்தை பிறக்க இயலாதென்பது அவள் படிக்கும் பாடத்திலேயே உள்ளது. "பெரியப்பா, எனக்குப் பெயர் வைத்தவர் நீங்கள்தானே? நான் எங்கிருந்து வந்தேன் என்று நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். அவள் பெற்றோர் நல்லவர்கள்; அவளைக் கண்ணின் மணியாக வளர்த்தவர்கள். ஆனால் அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. குழந்தையைக் கைமாற்றிய கிழவி இறந்து போனாள். சான்றிதழில் இருப்பதோ பொய். தேடத் தொடங்குவதற்கு ஒரு நூல் முனைகூட அவளுக்கு இல்லை.

ஆகலின், பிள்ளையில்லார் பிள்ளை கொள்வது அறமா என்பது இங்கே கேள்வியன்று. அது அறமே. பகவரை ஈன்ற மாயாதேவியார் ஏழாம் நாள் மறைந்தபின் அவரைத் தம் பாலூட்டி வளர்த்தவர் மகாபிரஜாபதி கோதமியார் அன்றோ? வளர்ப்புத் தாயின் மடியில் வளர்ந்தவரையே நாம் சரணடைந்திருக்கிறோம். கேள்வி வேறு: தாயின் கையறு நிலை வழியாக வந்து சேரும் குழந்தையை, நாம் அன்போடு வளர்ப்போம் என்ற ஒரே காரணத்தால், நேர்மையாகக் கொண்டதாகக் கொள்ளலாமா? இரண்டாம் சீலம் 'திருடாதே' என்ற மட்டில் நிற்பதன்று. கொடுக்கப்படாததைக் கொள்ளாதே என்பதே அதன் பொருள். அப்படியாயின் முதலில் விசாரிக்க வேண்டியது, கொடுத்தவர் யார் என்பது.

விநய பிடகத்தில் ஜீவகர் வரலாறு யாவரும் அறிந்ததே. இராஜகிருகத்துக் கணிகை ஒருத்தி பெற்று, முறத்திலிட்டுக் குப்பைமேட்டில் எறிவித்த சிசுவை, அவ்வழியே சென்ற அபய இராஜகுமாரர் கண்டார். உயிரோடிருக்கிறதா என்று கேட்டு, ஆம் என்றபின் எடுத்து வளர்த்தார். அந்த வினாவிலிருந்தே அவருக்குப் பெயரும் அமைந்தது. அறிவு வந்தபின் ஜீவகர் தம் தாய் தந்தையர் யாவரெனக் கேட்டார். அபயர் சொன்னதைக் கவனியுங்கள். உன் தாயை நான் அறியேன். வளர்த்தமையால் உன் தந்தை நான் என்றார். அரசகுமாரர், எதைச் சொன்னாலும் நம்பவைத்திருக்கக் கூடியவர். ஆயினும் அறியாததை அறியேன் என்றார். இற்றை நாளில் பணங்கொடுத்து வாங்கும் குழந்தைக்கு நாம் அளிக்கும் முதற்பரிசே ஒரு பொய்ச் சான்றிதழ். இரண்டாம் சீலத்தோடு நான்காம் சீலமும் அக்கணமே உடைகிறது. அதை உடைத்தது யாரென்று அறியாத அக்குழந்தை வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்கிறது.

நாம் பள்ளியில் கற்றது ஐந்தாம் வகுப்பு மட்டும். மற்றது படிப்பகத்தில் கற்றது. ஜெர்மன் மொழி அறியோம். ஆயினும் அம்மொழியில் 2024இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நூலைப் பற்றிய செய்திகளை நண்பர் ஒருவர் படித்துக் கூறக் கேட்டபின் சில இரவுகள் உறக்கம் கெட்டது. நூலின் தலைப்பு 'தாய் அறியப்படவில்லை' என்பதாம். அந்திரேயா ஏபிரகாம், சபீனே பிட்டர், ரீட்டா கெசல்ரிங் என்னும் மூவர் பதிப்பித்தது. 1973 முதல் 2002 வரை இந்தியாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குத் தத்துப் போன குழந்தைகள் 2,278 பேர். அவர்களுள் சூரிச், துர்காவ் என்னும் இரு மாநிலங்களுக்குப் போனவர்களின் கோப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வளர்க்க வந்தவர்களின் சம்பளம், வீட்டின் அறைகள், குணநலச் சான்று ஆகியன உண்டு. பெற்ற தாய் சம்மதித்து எழுதிக் கொடுத்த பத்திரம் மட்டும் காணவில்லை. வாங்கியவரைப் பற்றி அத்தனையும் எழுதிய கைகள், கொடுத்தவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இதே பிட்டர் அம்மையார் இலங்கைக் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சியிலும் பங்கு கொண்டவர். 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து 881 குழந்தைகள் அந்நாட்டுக்குப் போனார்கள். முறைகேடுகள் தெரிந்தும் அதிகாரிகள் தடுக்கவில்லையென அவ்வாராய்ச்சி 2020இல் காட்ட, அவ்வாண்டு டிசம்பரில் சுவிஸ் அரசாங்கமே வருத்தந் தெரிவித்தது. அவர் ஆராய்ந்த இன்னொரு வரலாறு நம் மைசூர் ஜில்லாவுக்கு அணித்தானது. திபெத்திலிருந்து அகதிகளாய் வந்தோருக்கு அன்றைய மைசூர் இராஜ்யம் அளித்த நிலத்தில் பைலகுப்பைக் குடியேற்றம் 1961இல் தொடங்கிற்று. அந்நாட்களிலேயே ஓல்டன் நகரத்துத் தொழிலதிபர் ஏஷிமான் என்பவர், தலாய் லாமா அவர்களின் இசைவுடன், திபெத்தியக் குழந்தைகளைச் சுவிஸ் குடும்பங்களில் வளர்க்க ஏற்பாடு செய்தார். 1961 முதல் 1964 வரை ஏறத்தாழ 160 குழந்தைகள் போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அனாதைகள் அல்லர். தாயோ தந்தையோ உயிரோடு, இமயச் சரிவில் சாலைக்குக் கல்லுடைத்துக் கொண்டிருந்தவர்கள். பிள்ளை படித்துத் திரும்பி வருமென்றே அனுப்பினார்கள். அக்குடும்பங்களோ தம் பிள்ளையாக்கிக் கொள்வதாகவே எண்ணி ஏற்றார்கள். பின்னாளில் தாயைக் கண்ட பிள்ளைகள் சிலருக்குத் தாயோடு பேச மொழியில்லை.

இங்கே தீயவர் யார்? தேடிப் பார்த்தால் எவரும் அகப்படார். எல்லாரும் கருணையுடையவர்களே. இதுவே நம்மை அச்சுறுத்துகிறது. கருணையென்று நாம் பெயரிட்டு அழைப்பது, எதிரே நிற்பவரின் வாயிலிருந்து வரவேண்டிய சொல்லுக்குக் காத்திராமலே செயலில் இறங்கிவிடக் கூடியது.

திபெத்தியரிடையே வேறொரு முயற்சியும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். 1960 மே 17ஆம் நாள், ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து ஐம்பத்தொரு குழந்தைகள் நோயும் பசியுமாகத் தர்மசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா அவர்களை ஏற்றார். 1964இல் அவர் மறைந்தபின் தங்கை ஜெட்சுன் பேமா அப்பொறுப்பை ஏற்று நாற்பதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். குழந்தைகளைப் படுக்கை வரிசையாக அடுக்காமல், ஒரு தாய், ஒரு சமையலறை, மூத்த பிள்ளைகளும் இளைய பிள்ளைகளுமாக வீடு வீடாகப் பிரித்து வளர்க்கும் முறை அது. மொழியும் பெயரும் பிறந்த ஊரின் நினைவும் பறிபோகவில்லை. பைலகுப்பையிலும் அந்நிறுவனத்தின் பள்ளியும் இல்லங்களும் உண்டு. எல்லாம் குறைவின்றி நடந்ததென்று நாம் சாதிக்க வரவில்லை. பெற்றோரின் பெயரை அழிக்காமலே பிறர் பிள்ளையை வளர்க்கலாம் என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள சான்று என்றே சொல்கிறோம்.

நண்பர் கேட்கலாம்: தாய் உயிரோடிருந்தால் என்ன? பிள்ளைக்கு மேலான வாழ்வு கிடைக்குமாயின் அதுவே போதாதா? இதற்கு விடையாக நாம் இராகுலரை நினைக்கிறோம். பகவர் கபிலவஸ்துவுக்கு வந்தபோது தம் மைந்தனாகிய சிறுவனைச் சங்கத்தில் சேர்த்தார். முதிய சுத்தோதனர் வந்து முறையிட்டார். மகன் போனபோது வருந்தினேன். நந்தன் போனபோது வருந்தினேன். இப்போது பேரனும் போனான். பிள்ளைப் பாசம் தோலையும் தசையையும் துளைத்து எலும்பின் மச்சை வரை செல்கிறதே என்றார். பகவர், அப்பாசமே துக்கத்தின் வேர் என்று அவருக்குப் போதித்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பெற்றோர் அனுமதியில்லாத பிள்ளைக்குத் துறவு அளிக்கலாகாதென்று அன்றே விதி வகுத்தார். தருமத்தினும் உயர்ந்த கொடை உண்டோ? அதையே பெற்றோரைத் தாண்டிச் சென்று கொடாதே என்றபின், மாடிவீட்டையும் ஆங்கிலப் பள்ளியையும் காட்டி நாம் எப்படித் தாண்டுவது?

அனுமதி என்றோம். அச்சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். சென்னைப் புளியந்தோப்பில் 1999இல் பெற்றோரோடு தெருவில் உறங்கிக் கொண்டிருந்த ஆண் குழந்தை களவு போய், ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக நெதர்லாந்து சேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்தே அது வெளிப்பட்டது. அது அப்பட்டமான திருட்டு; அதைப் பற்றி விவாதமில்லை. 2019 ஏப்ரலில் நாமக்கல் ஜில்லா இராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் நிறத்துக்கும் எடைக்கும் தக்கபடி குழந்தைக்கு விலை சொல்லும் ஒலிப்பதிவு நாடெங்கும் பரவியது. அங்கே தாய்மார் கொடுத்தார்கள் என்றே சொல்லப்படும். கடனுக்கும் பசிக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சி நீட்டிய கையைக் கொடுத்த கை என்று சொல்லலாமா? ஆலையில் வேலைநிறுத்தம் நாற்பது நாள் நீண்டபின், வீட்டில் அரிசி இல்லாத தொழிலாளி எந்தத் தாளில் வேண்டுமானாலும் கைநாட்டு வைப்பான். நாமும் ஒருமுறை அப்படி வைத்தோம். அதை ஒப்பந்தம் என்றார்கள்.

இனி, எதிர்ப்பக்கத்து நியாயத்தை மறைப்பது முறையன்று. அது வலுவுள்ளது. குழந்தை காத்திராது. 1951இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிய அறிக்கை, தாயன்போ அதற்கு ஈடான நிலையான அன்போ கிடையாத சிசு உள்ளத்தில் ஊனப்படுகிறதென்று உலகுக்கு உணர்த்திற்று. பின்னர் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில், 2000இல் தொடங்கி, நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள், விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைச் சீட்டுக் குலுக்கி வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். மறுபாதி இருந்த இடத்திலிருந்தது. குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவும் பேச்சும் மேலோங்கின. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்கு, ஒருவரைப் பற்றி நிற்கும் பாசம் நன்கு வேரூன்றியது. சீட்டுக் குலுக்கிய முறை சரிதானா என்பது தனி விவாதம். ஆயினும் உண்மை உண்மையே. அனாதை விடுதிக்கு அரிசி மூட்டை அனுப்பிப் புண்ணியம் தேடும் நம்மவர் இதை அறிதல் வேண்டும்.

ஆகவே தாயின் சொல்லுக்குக் காத்திருத்தலும் வேண்டும். குழந்தையைக் காக்கவைக்கவும் கூடாது. இவ்விரண்டையும் சட்டம் ஒருவாறு இணைக்க முயல்கிறது. 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றத்து நீதிபதி பகவதி, அயல்நாட்டுத் தத்துக்கு வகுத்த நெறிகளே இதற்குத் தொடக்கம் எனலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பிள்ளையை வளர்க்க இயலாத தாய் குழந்தைகள் நலக் குழுவின்முன் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தபின் இரண்டு மாத காலம் அவள் மனம் மாறிக் கேட்டால் குழந்தை அவளுக்கே. அவ்விரண்டு மாதத்தைச் சிலர் வீண் தாமதம் என்கிறார்கள். நமக்கோ சட்டப் புத்தகத்தில் அவ்வரியே மிகுந்த மனிதத்தன்மை உடையதாகத் தோன்றுகிறது. பிரசவ நோவும் அவமானமும் தணிந்தபின் ஒரு பெண் என்ன நினைக்கிறாளென்று கேட்க, அரசாங்கம் அறுபது நாள் காதைத் திறந்து வைத்திருக்கிறது.

நம் வாசகர்களுக்குச் சட்டத்தில் வேறொரு வாயிலும் உண்டு. 1956 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் பௌத்தராகிய நமக்கும் பொருந்துவது. பாபாசாகேப் நாகபுரியில் தீக்ஷை அளித்த அதே ஆண்டு. அதன்படி பெற்றோரே நேரில் கொடுக்க, நேரில் பெறலாம். ஆனால் ஆயா கொடுக்க முடியாது. பணம் கைமாறவும் கூடாது. இளைஞர் நீதிச் சட்டப்படியோ குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம். மருத்துவமனைச் சிப்பந்தி செய்தால் ஏழாண்டு வரை. பெண்ணே பிள்ளையை வைத்துக்கொள்ள விரும்பினால், குடும்பம் கைவிட்ட தாய்க்கு மாதம் 4,000 ரூபாய் உதவும் திட்டமும் மத்திய அரசில் உண்டு. அது போதாதென்பது வேறு. நம் நண்பர் ஆயாவுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த தொகையோ அதைப்போல் ஐம்பது மடங்கு. அப்பணம் தாய்க்குப் போயிருந்தால் அவள் பிள்ளையை விட்டிருப்பாளா என்று நாம் கேட்டபோது, நண்பர் தலை குனிந்தார்.

தாமதம் செய்தால் வரும் கேட்டை மைசூரே கண்டிருக்கிறது. 2016இல் இங்கே குழந்தை விற்ற கூட்டமொன்று பிடிபட்டது. ஏழைகளிடமிருந்து பெற்ற குழந்தைகள், மகவற்ற தம்பதிகளுக்கு விற்கப்பட்டிருந்தன. காவலர் மீட்டார்கள். மீட்பு என்ற சொல் பெரியவர்களுக்குப் பொருந்தும். இரண்டாண்டு ஒருத்தியை அம்மா என்றழைத்த குழந்தைக்கு அது இரண்டாம் பறிப்பு. பொய்யில் தொடங்கியதைப் பின்னால் எந்தப் பக்கம் திருத்தினாலும் பிள்ளையின் மேலேயே தழும்பு விழுகிறது. அவ்வாறு வேரூன்றிய குழந்தையை என்ன செய்வதென்று கேட்டால், வளர்த்தவரைத் தண்டித்தாலும் பிள்ளையை அவர் மடியிலிருந்து சட்டென்று பிய்க்கலாகாது என்றே நமக்குத் தோன்றுகிறது. இதில் நம்மோடு மாறுபடுவோர் உண்டு.

ஏன் நம்மவர் மறைவழியை நாடுகின்றனர்? வரிசை நீளம் என்பது ஒரு காரணம். மற்றொன்று மணிமேகலை படித்தவர்க்குத் தெரியும். ஆபுத்திரனைப் பெற்றவள் தோட்டத்தில் விட்டுச் சென்றாள். பசு ஏழு நாள் பால் சுரந்து காத்தது. இளம்பூதி எடுத்து மகனே என்று வளர்த்தான். வேள்விப் பசுவை அவன் விடுவித்த அன்று, ஊரார் அவன் பிறப்பைத் தேடியெடுத்து முகத்தில் எறிந்தார்கள்; வளர்த்தவனும் கைவிட்டான். பிறப்பு தெரிந்தால் அது ஆயுதமாகுமென்ற அச்சமே பொய்ச் சான்றிதழை எழுதவைக்கிறது. சாதியை உதறிவிட்டோமென்று தீக்ஷை பெற்ற நம் வீடுகளிலும், தத்துப்பிள்ளையைக் கண்டதும் 'எந்தச் சனமோ' என்ற முணுமுணுப்பு எழுவதை நாம் காதால் கேட்டிருக்கிறோம். ஆயா சொன்ன விலையில் ஒரு பங்கு இந்த முணுமுணுப்புக்கான விலை.

இவற்றையெல்லாம் அன்றிரவு நண்பரிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னோமல்லோம். சொன்ன மட்டில் அவர் எழுந்து, "அண்ணா, உங்களுக்கு மூன்று பிள்ளைகள். உங்களால் எளிதாகச் சொல்ல முடிகிறது" என்று கூறிச் சென்றார். அதற்கு நம்மிடம் மறுமொழியில்லை.

மறுநாள் அந்த அம்மையார் தாமே மருத்துவமனைக்குச் சென்று அப்பெண்ணைப் பார்த்தார். ஆயா பேசிய தொகையில் பத்திலொரு பங்கே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. குழந்தை யாரிடம் போகிறதென்றோ, மாற்று வழி ஒன்று உண்டென்றோ எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. 1098 என்ற எண்ணுக்கு அழைத்தவர் அவ்வம்மையாரே. நலக் குழுவினர் வந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. தாய் ஒப்படைத்துக் கையெழுத்திட்டிருக்கிறாள். அவளுக்குரிய இரண்டு மாதம் ஆடிப் பௌர்ணமியை ஒட்டி முடிகிறது. அவள் திரும்பக் கேட்டால் குழந்தை அவளுக்கு. கேளாவிடினும் வரிசையில் முன்னிற்கும் வேறு யாருக்கோ. நம் நண்பர் வீட்டுக்கு அது வரப்போவதில்லை. அவர்கள் முறைப்படி பதிவு செய்து காத்திருக்கிறார்கள்.

சங்கத்து நாமகரணப் பதிவேட்டில் இப்போது ஒரு பத்தி கூட்டியிருக்கிறோம்: பெற்றவர் ஒன்று, வளர்ப்பவர் ஒன்று. இது பிள்ளைக்கு அவமானமாகுமென்று இருவர் ஆட்சேபித்தார்கள். பதிவேடு பூட்டில் இருக்கும். பிள்ளை வளர்ந்து வந்து கேட்டாலன்றிக் காட்டப்படாது. தெரியாத இடத்தில் 'அறியோம்' என்று எழுதலாம், பொய்ப்பெயர் எழுதலாகாது. பத்தொன்பது ஆண்டுக்கு முந்தைய பக்கத்தையும் திறந்து, அப்பெண்ணின் பெயருக்கு எதிரே நம் கையால் 'அறியோம். நாம் கேட்கவில்லை' என்று எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டோம். அவள் வந்து படித்துப் பார்த்தாள். அப்பக்கத்தின் நகல் ஒன்று கேட்டு வாங்கிச் சென்றாள்.

நண்பர் சென்ற பௌர்ணமி வந்தனைக்கு வரவில்லை. அவர் மனைவியார் மட்டும் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார்.